கூடாரம் எங்கே போடுவது?

ஜனவரி 18, ஞாயிறு

குடியரசு தின விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் வீட்டில் இழுபறி. தம்பிக்குக் கொழுக்குமலை, மேகத்துக்கு மேலே சூரியன் எழும் படத்தைக் காட்டியே ஆள் சேர்க்கிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் முழங்கால் வலியோடு அத்தை வருகிறார், ஆறு வயது மகள் வருகிறாள். அந்த மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். அங்கிருந்து கரடுமுரடான தடத்தில் ஜீப்பில் குலுங்கிப் போக வேண்டும். உயரம் ஏறக்குறைய 7,900 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அடிவாரத்துப் போடியைவிட மேலே 12 டிகிரியாவது குறைவாக இருக்கும். அத்தை முழங்கால் தாங்காது.

ஜனவரி 20, செவ்வாய்

ஏலகிரி என்று முடிவு. சுமார் 1,100 மீட்டர் உயரம்; 14 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும் மேலே வரை தார்ச்சாலை.

முகாம் நடத்துகிறவர்களைப் போனில் பிடித்தேன். இடம் பட்டா நிலமா, காட்டு எல்லைக்குள்ளா? கழிப்பறை எத்தனை அடி தூரம்? இரவில் தண்ணீர் வருமா? பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் அலறுமா? முதல் கேள்வி சும்மா கேட்டதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தங்கக் கூடாது.

ஒருவர் எல்லாக் கேள்விக்கும் “வியூ சூப்பரா இருக்கும் சார்” என்றே பதில் சொன்னார். இன்னொருவர், “வயசானவங்க யாராவது வர்றாங்களா?” என்று அவராகவே கேட்டார். அவருக்கே முன்பணம் அனுப்பினேன்.

ஜனவரி 24, சனி

பகல் வெளிச்சத்திலேயே வந்து சேர்ந்தோம். தம்பி பள்ளமான புல்தரையைக் காட்டினான். பார்க்க மெத்தென்று இருந்தது. வேண்டாம் என்றேன். மழை வந்தால் தண்ணீர் தேங்கும். மழை இல்லாவிட்டாலும் இரவின் குளிர்காற்று கனமாகி இறங்கி அங்கேதான் படியும். தைல மரத்தடியும் கூடாது, கிளை சொல்லாமல் முறிந்து விழும். லேசாகச் சரிந்த மேட்டில், தலைமாடு உயர்ந்த பக்கம் வரும்படி, வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க அடித்தோம். கழிப்பறைக்குப் போகும் வழியில் கயிறு எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

இரவில் அத்தை டார்ச்சோடு தனியாகவே போய்வந்தாராம், யாரையும் எழுப்பவில்லை. “அடுத்த தடவையும் சொல்லுப்பா, வர்றேன்” என்கிறார். தம்பி கொழுக்குமலைக்கு நண்பர்களோடு போகட்டும். அது அவர்களுக்குச் சரியான இடம். குடும்பத்தோடு போகிறவர்கள், கூட வருகிறவர்களில் யாருக்குச் சிரமம் அதிகமோ அவரை மனதில் வைத்து இடம் தேடுங்கள்.