நடுப் பத்தியில் மூன்று

எழுத்தாளன் வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் வரலாம்; பாதியில் நிற்கும் காகிதக் கட்டுகளுக்குப் பஞ்சமே வராது. என் அலமாரியில் அப்படிப் பதினொரு கட்டுகள். எனக்கோ வயது எழுபத்திரண்டு.

என் தங்கையின் மகன் செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா சிட்டியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் செல்போனில் ‘டிரெல்லோ’ என்ற பலகையை ஏற்றிக் கொடுத்தான். பலகை என்றதும் ஆணியும் சுத்தியலும் தேட வேண்டாம். இன்டர்நெட்டிலேயே தொங்கும் பலகை. அதில் மூன்று பத்திகள்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, செய்து முடித்தவை. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சீட்டு. காரியம் நகர நகரச் சீட்டை விரலால் அடுத்த பத்திக்குத் தள்ள வேண்டியது. அவ்வளவுதான் வித்தை.

2011-இல் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பலகைக்கு ஜப்பானில் ஒரு பாட்டனார் உண்டு. டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்ற எஞ்சினீயர் 1950-களில் ‘கான்பான்’ என்னும் சீட்டு முறையைக் கொண்டுவந்தார். அடுத்த பிரிவிலிருந்து சீட்டு வந்தால்தான் முந்தின பிரிவு சாமான் செய்யலாம், வராவிட்டால் செய்யக்கூடாது. பாதி செய்த சாமான் தரையெல்லாம் குவிவதைவிடச் சற்றே நிற்பது மேல் என்பது அவர் கட்சி.

நான் பதினொரு சீட்டையும் நடுப் பத்தியில் வைத்தேன். மருமான் பார்த்துவிட்டு, “மாமா, நடுப் பத்தியிலே மூணுக்கு மேலே இருக்கக்கூடாது. எங்க ஆபீஸிலே அதுதான் சட்டம்” என்றான்.

“மத்த எட்டு?”

“முதல் பத்திக்கே திரும்பிப் போகட்டும்.”

அவனுக்கு வயது இருபத்தாறு. திரும்பிப் போன சீட்டு என்றைக்காவது மறுபடி வரும் என்பது அவன் கணக்கு. என் வயதில் அந்தக் கணக்குச் சரிவராது. எந்த மூன்று என்று பலகையும் சொல்லாது.

பாதியில் நின்ற வேலைக்குப் பேர்போன ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மறுவாரம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோயிலுக்குப் போகவில்லை. ஊருக்கு மேற்கே, வலையன்குட்டை ரதத்தைப் பார்க்கப் போனேன். பல்லவர் காலத்துச் சிற்பிகள் வெட்டத் தொடங்கி நிறுத்திய கல் அது. மேலே விமானம் உருவாகியிருக்கிறது. கீழே வெறும் பாறை. பிடாரி ரதங்களும் அப்படித்தான். அவர்கள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்தவர்கள். கோயில் முடியவில்லை, ஆனால் உளி இறங்கிய மட்டும் வேலை முடிந்திருக்கிறது. பாறை முழுவதும் அங்கொரு கொத்தும் இங்கொரு கொத்துமாகக் கொத்தி வைத்திருந்தால், இன்று நாம் நின்று பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்?

அன்றிரவு எட்டுச் சீட்டுகளைத் தள்ளினேன். ஒன்றில் மட்டும் விரல் தயங்கியது: சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பற்றிய சரித்திர நாவல். இருபது வருஷத்து உழைப்பு. அதுவும் போயிற்று.

நடுப் பத்தியில் முதலில் நிற்பது என் தாயாரைப் பற்றிய கட்டு, நாற்பதே பக்கம். கோட்டையைப் பற்றி நாளைக்கு வேறு யாராவது எழுதுவார்கள். அம்மாவின் குரலைக் கேட்டவர்களில் நானும் என் தங்கையும்தான் மிச்சம்; தங்கை கடிதம்கூட எழுதமாட்டாள்.

இந்த வாரம் அந்தக் கட்டில் நான்கு பக்கம் கூடியிருக்கிறது.