நாற்பத்தைந்து என்பது எவ்வளவு?

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சூர்யாபேட்டைக்குச் சற்று முன்னால், காருக்குள் ரப்பர் கருகும் வாடை வந்தது. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார், அண்ணி அவர் அருகில். நான் பின்னிருக்கையின் இடப்பக்கத்தில், பெட்டிகளோடு நெருக்கிக்கொண்டு அமர்ந்திருந்தேன். வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் என் இருக்கைக்குக் கீழே யாரோ மரம் இழைப்பதைப் போன்ற ஓசை கேட்டது.

சாலையோரப் பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "டயர் ராசுகுண்டோந்தி" என்றார். மூன்றாண்டுத் தெலுங்குப் பழக்கத்தில், "டயர் எழுதிக்கொண்டிருக்கிறது" என்றுதான் எனக்கு முதலில் பொருள்பட்டது. பேச்சுத் தெலுங்கில் எழுதுவதும் உரசுவதும் ஒரே ஒலியில் வந்து நிற்கும். எழுதுவதைக் குறிக்கும் 'வ்ராயு' தன் வகரத்தை இழந்து 'ராயு' ஆனதால் நேர்ந்த ஒற்றுமை அது. தமிழிலும் உரைத்தல் என்பது சொல்லுதலாகவும் பொன்னைக் கல்லில் தேய்த்துப் பார்த்தலாகவும் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்திலும் சொற்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த என் புத்தியை என்ன சொல்வது!

அவர் டயரின் வெளித்தோளில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். பிறகு நாங்கள் மூவரும் வண்டியின் பின்பகுதியை அழுத்தி அழுத்தி விட்டோம். மட்கார்டின் உள்மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. டயரைக் கழற்றியபோது அதன் தோள் முழுவதும் வட்டமாக அறுபட்டு, ஓரிடத்தில் உள்நூல் தெரியத் தொடங்கியிருந்தது. "விஜயவாடா வரை தாங்கியிருக்காது" என்றார். அண்ணி ஒன்றும் பேசாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டயரைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

அது அண்ணன் பழையதாக வாங்கிய இருகதவு ஸ்போர்ட்ஸ் கார். முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை 35 மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தார், ரிம்களையும் மாற்றியிருந்தார். டயர்கள் மட்டும் நிறுவனம் பரிந்துரைத்த அளவிலேயே இருந்தன: 225/45 ஆர்17. அவை தேய்ந்தபோது, கடையில் 245/45 ஆர்17 சலுகை விலையில் கிடைக்கிறது என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார். "நீதான் எல்லாத்தையும் அலசுவியே, போடலாமா, சொல்லு." நான் இரண்டு எண்களையும் பார்த்தேன். "அகலம்தான் இருபது கூடுது. உயரம் அதே நாற்பத்தைந்துதான். போடலாம்" என்றேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது விசித்திரமான குறிமுறை. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவிலுள்ள எண் நீள அளவே அன்று, அது விழுக்காடு. பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதையே அது சொல்கிறது. 225இல் 45 விழுக்காடு 101.25 மில்லிமீட்டர், 245இல் 45 விழுக்காடு 110.25 மில்லிமீட்டர். எண் மாறவில்லை, உயரம் ஒன்பது மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது. முழு விட்டம் 634.3இலிருந்து 652.3 ஆகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது வண்டி ஏறத்தாழ நூற்று மூன்றில் ஓடும் என்பது இதன் சிறிய விளைவு.

பெரிய விளைவு சக்கரக் குழியில் இருந்தது. தாழ்த்திய ஸ்பிரிங்குகள் டயருக்கு மேலிருந்த இடைவெளியில் 35 மில்லிமீட்டரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. என் ஒன்பதும் சேர்ந்து 44 ஆயிற்று. பக்கவாட்டிலும் இதே கதைதான். பழைய ரிம் ஏழரை அங்குல அகலம், ஆஃப்செட் 45. மாற்றிய ரிம் எட்டு அங்குலம், ஆஃப்செட் 35. ரிம்மின் அகலம் கூடியதில் பாதியும் ஆஃப்செட் குறைந்த பத்தும் சேர்ந்து, வெளிவிளிம்பை 16 மில்லிமீட்டர் மட்கார்டை நோக்கித் தள்ளியிருந்தன. டயரின் கூடுதல் இருபதில் பாதி அதன்மேல் வந்தது. காலியான வண்டி நகரச் சாலையில் ஓடியவரை இது வெளிப்படவில்லை. மூவரும் பெட்டிகளும் ஏறி, வண்டி நெடுஞ்சாலை வேகத்தில் பள்ளங்களைச் சந்தித்தபோது வெளிப்பட்டது.

முதுகலை முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். முதல் மாதத்திலேயே சொசூரைச் சொல்லிக்கொடுப்பேன்: குறியின் மதிப்பு அதற்குள் இல்லை, பிற குறிகளோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது. எடுத்துக்காட்டாகத் தமிழின் 'அவர்' என்ற சொல்லைக் காட்டுவேன். தெலுங்கில் வாடு, அதனு, ஆயன, வாரு எனப் படிகள் பல. ஆகவே நம் 'அவர்' அங்குள்ள எந்த ஒன்றுக்கும் நிகராகாது என்பேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற நான், பக்கத்து எண்ணோடு சேர்ந்தால் மட்டுமே பொருள்தரும் ஓர் எண்ணைத் தனியாக எடுத்து, அதற்கு நிலையான ஒரு மதிப்பைக் கொடுத்து, மூன்று பேரை அதன்மேல் உட்காரவைத்தேன். தெரியாத துறை என்று தப்பித்துக்கொள்ள முடியவில்லை. பிழை நடந்தது என் துறைக்குள்தான்.

மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி, பெட்டிகளை அண்ணியின் காலடிக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக ஐதராபாத்துக்கே திரும்பினோம். அண்ணன் ஒருமுறைகூட "நீதானே சொன்னாய்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் தாளும் அளவுநாடாவுமாக உட்கார்ந்தோம். அகலமான டயர் மீது அவருக்கு இன்னும் ஆசை. 245/40 போட்டால் என்ன என்று கேட்டார். கணக்கிட்டோம்: பக்கச்சுவர் 98 மில்லிமீட்டர், பழையதைவிட மூன்று குறைவு. உயரம் பொருந்துகிறது, ஆனால் வெளிப்புறம் நீளும் பத்து மில்லிமீட்டர் அப்படியே இருக்கிறது, மட்கார்டின் மடிப்பும் அப்படியே இருக்கிறது. உயரத்தைத் திருத்தினால் அகலத்தின் சிக்கல் தீராது. 225/45க்கே திரும்புவதென்று முடிவாயிற்று. எட்டு அங்குல ரிம்முக்கு அந்த அளவு பொருந்தும். அளவுக்குப் பின்னாலுள்ள சுமைக் குறியீட்டையும் இம்முறை விடாமல் படித்தேன். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. நிறுவனம் குறித்ததற்குக் கீழே போகக்கூடாது. நாங்கள் 94 வாங்கினோம்.

ஒரே அளவை அச்சிட்ட இரண்டு நிறுவனங்களின் டயர்கள்கூட உண்மையில் சில மில்லிமீட்டர் வேறுபடும் என்று கடையில் சொன்னார்கள். ஒலியனுக்கும் அதை நாம் ஒலிக்கும் விதத்துக்கும் உள்ள தூரம்தான் அது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

டயர்கள் மாட்டியதும் அண்ணன் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, "இப்ப சரியா?" என்றார். கணக்கின்படி சரி. ஆனால் நான் சரி என்று சொல்லவில்லை. வகுப்பறையிலிருந்து எடுத்துவந்திருந்த சுண்ணக்கட்டியைப் பையிலிருந்து எடுத்தேன். நான்கு டயர்களின் தோள்களிலும் தேய்த்தேன். அண்ணி முன்னாலும் நான் பின்னால் இடப்பக்கத்திலும் அமர்ந்துகொண்டோம். அதே பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டோம். குடியிருப்பைச் சுற்றியுள்ள எல்லா வேகத்தடைகளிலும் ஏறி இறங்கினோம். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்துத் திருப்பினோம். இறங்கிவந்து கைபேசி விளக்கில் ஒவ்வொரு மட்கார்டாகக் குனிந்து பார்த்தேன்.

எங்கும் வெள்ளை இல்லை. அதன் பிறகுதான், "சரி" என்றேன்.