என் பேரில் யார் பேசுவது?

1989 பிப்ரவரி 14. போபால் விஷவாயு வழக்கு 47 கோடி டாலருக்கு முடிந்தது. கேட்டிருந்த தொகை 330 கோடி. குற்ற வழக்குகளும் அதோடு கைவிடப்பட்டன. சம்மதமா என்று பாதிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்ற நிலையை 1985-லேயே ஒரு சட்டம் உருவாக்கியிருந்தது. எல்லோர் சார்பிலும் வழக்காடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே. பெற்றோர் ஸ்தானமாம். யூனியன் கார்பைடோடு தனி ஆள் மோத முடியாது என்பது சரிதான். ஆனால் அந்த இந்தியக் கம்பெனியில் அரசு நிதி நிறுவனங்களுக்கும் பங்கு இருந்ததே!

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அப்பாவால்தான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு மனைக்கு முன்பணம் கட்டினார். மனையும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஏமாந்தவர்களில் நாலு பேர், எல்லோர் சார்பிலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக வாட்ஸாப் குழுவில் முடிவானது. தனித்தனியாக வக்கீல் வைக்க யாரிடம் காசு இருக்கிறது? அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அந்த நாலு பேரு பாதி போதும்னு ஒத்துக்கிட்டு வந்துட்டா? என் பணத்துக்கு அவங்க எப்படிடா கையெழுத்துப் போடலாம்?"

பொன்மலைச் சந்தையில் பேரம் பேசுகிற குரலில் கேட்டார். சரண் லால் சாஹு வழக்கில், சமத்துவம், வாழ்வுரிமை என்ற பெயர்களில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். சட்டம் செல்லும் என்று 1989 டிசம்பரில் தீர்ப்பு. சமரசத்துக்கு முன் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். சரி, மறுஆய்வில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் துறையில் இதை, புரொடக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு டெஸ்ட் பண்ணுவது என்போம். 1991 மறுஆய்வில் குற்ற வழக்குகளுக்கு உயிர் வந்தது. தொகை மாறவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்டு அரசே பிறகு போட்ட மனுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடி.

அதே 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷட்ஸ் வழக்கில் சொன்னது: பணம் கேட்கும் கூட்டு வழக்கில் ஒருவரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அவருக்கு அறிவிப்பு வேண்டும், பேச இடம் வேண்டும், "நான் வரலப்பா" என்று விலகும் வழியும் வேண்டும்.

நம்மிடமும் பாதி வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 1, விதி 8. நுகர்வோர் வழக்குக்கும் அதுதான். கூட்டு வழக்கில் சமரசம் என்றால் எல்லோருக்கும் அறிவிப்பு போக வேண்டும். 1976 திருத்தம் அப்படிச் சொல்கிறது. ஆள் அதிகம் என்றால் பேப்பர் விளம்பரமே போதும். டெண்டர்களுக்கும் பெயர் மாற்றங்களுக்கும் நடுவே, பொடி எழுத்தில்.