ஐயமும் தீர்ப்பும்

எமது பத்திரிகை அலுவலகத்தின் மின்னஞ்சல் வழங்கியில் ‘ஸ்பாம் அசாசின்’ வடிகட்டியை நிறுவியபோது, குப்பை அஞ்சல்களை உடனே அழித்துவிடலாமென இளைஞர்கள் கூறினர். நான் உடன்படவில்லை. 2001இல் வெளிவந்த அம்மென்பொருள் ஒவ்வோர் அஞ்சலுக்கும் புள்ளியிடும். வழக்கமான அமைப்பில் 5 புள்ளியை எட்டினால் ஐயத்துக்குரியதெனக் கொள்ளும். தானாக எதையும் அழிக்காது. அத்தகைய அஞ்சல்களின் தலைப்புக்கு முன்னால் ‘குப்பை?’ என்ற சொல்லைச் சேர்க்குமாறு அமைத்தோம்.

2010இல் ஒருநாள் அவ்வாறு குறியிடப்பட்ட அஞ்சலொன்றைத் திறந்தேன். தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள்; உள்ளே ஒரு படம் மாத்திரமே. இரண்டுக்கும் புள்ளி விழுந்திருந்தது. படத்தில் இருந்ததோ, காணாமற்போன மகனைத் தேடி வவுனியாவிலிருந்து ஒரு தாய் தன் கைப்பட எழுதிய கடிதம். தொலைத்தொடர்பு நிலையத்துப் பையன் அதனை ஸ்கான் செய்து அனுப்பியிருந்தான்.

மறுநாள் அதனைப் பிரசுரித்தோம். குறியிடப்பட்ட அஞ்சல்களை இன்றும் ஒருமுறை பார்த்த பின்னரே அழிக்கின்றேன்.