பதினேழாம் இடத்துக்காக ஒரு இரவு

மே மாதம் வந்தால் நம்ம ஊர்ப் பொடியன்மாரிடம் ஒரே கேள்விதான்: "இந்த முறை கப் யாருக்கு?" இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 அணிகள். மேலே யார் நிற்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைசி மூன்று அணிகளும் அடுத்த வருடம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், மெய்யான படபடப்பு அங்கேதான் இருக்கிறது.

கிண்ணம் தவறினால் "அடுத்த முறை பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கலாம். கீழே இறங்கினால் தொலைக்காட்சிப் பணம் குறையும், நல்ல வீரர்கள் விற்கப்படுவார்கள், கழகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிற சாதாரண மனிதர்களின் தொழிலும் ஆடும். திரும்பி வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. லீட்ஸ் யுனைட்டட் 2004இல் இறங்கியது. திரும்பி வந்தது 2020இல்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் எவர்டன் ரசிகர். நம்ம பக்கத்தில் மஞ்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் ஜேர்சி நிறையப் பார்க்கலாம், எவர்டன் ஜேர்சியை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். 2002 ஒக்டோபரில் 16 வயது வெய்ன் ரூனி ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்த கோலைப் பார்த்து இவர் எவர்டன் பக்கம் போனவர். 2004இல் ரூனி மஞ்செஸ்டர் யுனைட்டட் போனபோது கூட்டாளிமாரெல்லாம் ரூனியோடு போனார்கள். இவர் மட்டும் எவர்டனிலேயே நின்றுவிட்டார்.

எவர்டன் சின்னக் கழகமில்லை. 1878இல் தொடங்கியது, ஒன்பது முறை லீக் சம்பியன், 1954க்குப் பிறகு முதற்பிரிவை விட்டு இறங்கியதே இல்லை. அந்தக் கழகம் 2023 மே 28ஆம் திகதி கடைசிப் போட்டிக்குப் போகும்போது 33 புள்ளிகளோடு நின்றது. லெஸ்டருக்கும் லீட்ஸுக்கும் தலா 31. சவுத்தாம்ப்டன் ஏற்கனவே இறங்கிவிட்டது. மிச்ச மூன்றில் ஒன்றுதான் தப்பும். எவர்டன் போர்ன்மவுத்தை வென்றால் பிரச்சினை இல்லை. வெல்லாவிட்டால் மற்ற இரண்டு மைதானங்களில் நடப்பதைப் பொறுத்தது.

நம்ம நேரம் இரவு ஒன்பது மணிக்கு எல்லாப் போட்டிகளும் ஒன்றாகத் தொடங்கின. மற்றவனின் முடிவைப் பார்த்து யாரும் கணக்குப் போட்டு விளையாடக் கூடாது என்பதற்காக அப்படி. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பரீட்சைத் தாள் கொடுப்பது போல. அடுத்த நாள் மே 29, சாதாரண தரப் பரீட்சையும் தொடங்க இருந்தது. இஷா வரைக்கும் பிள்ளைகளின் கோல்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நண்பரின் வீட்டுக்குப் போனேன்.

மனிசன் உட்காரவில்லை. ஊற்றிய தேத்தண்ணி ஆறிப் போனது. டிவியில் எவர்டன், ஃபோனில் லெஸ்டர். "1994இல் விம்பிள்டனோட ரெண்டு கோல் பின்னால நின்டு 3–2 வென்ட நாங்க, போன வருசம் கிரிஸ்டல் பேலஸோடயும் அப்படித்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நாங்க" என்கிறார். லிவர்பூல் நகரத்தைக் கண்ணால் கண்டதில்லை.

34ஆவது நிமிடத்தில் லெஸ்டர் கோல் போட்டது. எவர்டன் எதையும் இழக்காமலேயே 18ஆம் இடத்துக்குப் போய்விட்டது. வீடு அமைதி. அவருடைய சின்ன மகள் கேட்டாள்: "வாப்பா, அவங்க தோத்தா உங்கட சம்பளத்த வெட்டுவாங்களா?"

சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. நமக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பந்தை உதைக்கவும் முடியாது, ஆளை மாற்றவும் முடியாது. கையில் ஒன்றுமே இல்லாதவனுக்குத்தான் பயம் கூட. பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே மரத்தடியில் நிற்கிற உம்மாவைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்த மாதிரி நாளில் ஆபத்தான சொல் "இது போதும்" என்பதுதான். 1996இல் மஞ்செஸ்டர் சிட்டி கடைசிப் போட்டியில் லிவர்பூலோடு 2–2. சமநிலை போதும் என்று ஒரு பிழையான தகவல் வர, சிட்டி வீரர் ஸ்டீவ் லோமஸ் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் பந்தை வைத்து நேரத்தைக் கடத்தினார். போதவில்லை. மூன்று அணிகள் 38 புள்ளிகளில் முடிக்க, கோல் வித்தியாசத்தில் சிட்டி இறங்கியது.

எவர்டன் அந்தக் கணக்கை நம்பவில்லை. 57ஆவது நிமிடத்தில் பெட்டிக்கு வெளியே விழுந்த பந்தை அப்துலாய் டுக்குரே ஒரே உதையில் வலைக்குள் அனுப்பினார். நண்பர் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. டுக்குரே நம்ம சகோதரர், முஸ்லிம் வீரர். அந்த வருடத் தொடக்கத்தில் முன்னைய முகாமையாளரோடு ஏற்பட்ட பிரச்சினையால் அணியை விட்டுத் தனியாகப் பயிற்சி செய்ய வைக்கப்பட்டவர். ஏப்ரலில் சிவப்பு அட்டை வாங்கி மூன்று போட்டிகள் வெளியே இருந்தவர். ஒதுக்கப்பட்ட அந்த மனிதனின் காலால்தான் கழகம் தப்பியது.

உபாதையீடு நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நண்பர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் ஸ்கோர் சொன்னேன். 1–0 என்று முடிந்தது. லெஸ்டரும் 2–1 என்று வென்றிருந்தது. எவர்டன் சமநிலையில் முடித்திருந்தால் இரண்டுக்கும் 34 புள்ளி, கோல் வித்தியாசத்தில் எவர்டன் கீழே. 2016இல் சம்பியனான லெஸ்டர் ஏழே வருடத்தில் இறங்கியது. அந்த ஊரிலும் யாரோ ஒரு வாப்பா அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார்.

கூடிசன் பார்க்கில் சனம் மைதானத்துக்குள் ஓடியது. 17ஆம் இடத்துக்கு! முகாமையாளர் ஷோன் டைச் மட்டும் பெரிதாக மகிழவில்லை, மாற வேண்டியது நிறைய இருக்கிறது என்ற தொனியில் பேசினார். என் பார்வையில் இரண்டும் சரி. தப்பியதற்கு மகிழ வேண்டும். அடுத்த முறை இதே இடத்தில் நிற்காமலிருக்க உழைக்கவும் வேண்டும்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்பது ஏ எடுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற பிள்ளை ஒன்று இரண்டு இருக்கும். கணிதத்தில் ஒரு எஸ் வருமா வராதா என்று எல்லைக் கோட்டில் நிற்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். முதலாவது கூட்டத்துக்குப் பாதையில் பெனர் கட்டுகிறோம், மாலை போடுகிறோம். நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் இரவு ஒரு மணி வரை பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டி, அந்த ஒரு எஸ்ஸை எடுத்து உயர்தரத்துக்குப் போகிற பிள்ளையின் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. "எஸ் தானே" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

அந்த "எஸ் தானே"க்குப் பின்னால் ஒரு முழு வருடத்துப் பயம் இருக்கிறது. அடுத்த பெறுபேறு வரும் நாளில் உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். வாசலில் நின்று ஒரு மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுப் போங்கள்.