விதைக்காத தட்டு

(இளமறிவியல் இரண்டாம் ஆண்டு, உயிர்த்தொழில்நுட்பவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தா என்று எங்கள் பேராசிரியை கேட்டபோது, எதை எழுதுவது என்று ஒரு வாரம் குழம்பினேன். கவிதை எனக்கு வராது. கதை கட்டவும் தெரியாது. ஆகவே இந்த ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் செய்த ஒரு தவற்றையே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

எங்கள் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறாம் பருவத்தில் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து, ஆய்வேடு அளிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் சிலர் அவர்களுக்கு உதவியாக நிற்பது வழக்கம். குடுவைகளைக் கழுவுவது, பஞ்சடைப்பான் செய்வது, தட்டுகளில் எண் எழுதுவது ஆகியவை எங்கள் வேலைகள். அடுத்த ஆண்டு நாங்கள் செய்யப்போவதற்கு இதுவே பயிற்சி. நான் நான்கு அக்காமார் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்தேன்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நல்ல பொருள். வயலுக்கு இடும் பாஸ்பேட் உரத்தின் பெரும்பகுதி பயிருக்கு எட்டாமல், மண்ணிலுள்ள கால்சியம், இரும்பு முதலியவற்றோடு சேர்ந்து கரையாப் பொருளாகிவிடுகிறது. சில பாக்டீரியாக்கள் அமிலங்களைச் சுரந்து அதைக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கின்றன. அத்தகைய பாக்டீரியாக்களை மூன்று ஊர் வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இதற்கென்றே பிகோவ்ஸ்கயா என்பவர் 1948-இல் ஓர் ஊடகத்தைக் கண்டறிந்தார். கரையாத கால்சியம் பாஸ்பேட் கலந்திருப்பதால் அது பால்போல் வெண்மையாக இருக்கும். பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெண்மை நீங்கி, தெளிவான ஒரு வளையம் தோன்றும். நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியதுபோல் இருக்கும் அந்தக் காட்சியைக் காண நாங்கள் ஐவரும் தவம் கிடந்தோம்.

ஊடகத்தைக் கெட்டியாக்குவது அகர். ஒரு லிட்டருக்கு 15 கிராம் சேர்க்க வேண்டும். அகர் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று முதலாண்டிலேயே படித்திருந்தேன். ஆனால் நம் நாட்டில் அதற்குப் பயன்படும் பாசிகளில் முதன்மையானது 'ஜெலிடியெல்லா ஏசிரோசா' என்று இந்த ஆண்டு படித்து, அதன் படத்தையும் பார்த்தபோது திகைத்துப் போனேன். அது எங்கள் ஊர் மரிக்கொழுந்துப் பாசி! மன்னார் வளைகுடாவில் மூழ்கி என் அம்மா பறித்து வருவது அதைத்தான். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைகளுக்கிடையில் மூச்சடக்கிப் பறித்த பாசிதான், வெள்ளைப் பொடியாகி எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் புட்டியில் இருக்கிறது.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "நான் எடுக்கிற பாசியிலயா நீ படிக்கிறே?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்பில் அம்மாவுக்குப் புரிந்த முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். நுண்ணுயிரியலுக்கு அகரைக் கொடுத்தவரும் ஒரு பெண்ணே. 1881-இல், இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸின் ஜெலட்டின் தட்டுகள் கோடை வெப்பத்தில் உருகி வழிந்தபோது, தம் சமையலறையில் பயன்படுத்திவந்த அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் அவர் மனைவி ஃபேனி ஹெஸ்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

பிப்ரவரி மாதம். புட்டியில் கடைசியாக 15 கிராம் அகரே இருந்தது. ஒரு லிட்டர் ஊடகம். ஏறக்குறைய ஐம்பது தட்டுகள். அக்காமார் ஊடகத்தைக் கலக்கி, குடுவைகளை ஆட்டோகிளேவில் வைத்துவிட்டு அகமதிப்பீட்டுத் தேர்வு எழுதச் சென்றனர். "பதினைந்து பவுண்டு அழுத்தம் வந்த பிறகு பதினைந்து நிமிடம். பிறகு அணைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதிவிடு" என்பது எனக்கிட்ட கட்டளை. அந்த அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும். சில பாக்டீரியாக்கள் தடித்த ஓடுகொண்ட வித்துகளாக மாறிக் கொதிநீரிலும் சாகாமல் கிடக்கும். அவற்றையும் கொல்லவே அந்தப் பதினைந்து நிமிடம்.

அன்று மின்சாரம் நின்று நின்று வந்தது. முள் பதினைந்தைத் தொட்டபோது மணி நாலரை. எங்கள் ஊர்ப் பேருந்து நாலு நாற்பதுக்கு. அதை விட்டால் இரவு ஏழு மணிக்குத்தான். ஏழு நிமிடம் பொறுத்தேன். பிறகு அணைத்துவிட்டு, பதிவேட்டில் '15 நிமிடம்' என்று எழுதிவிட்டு ஓடினேன்.

மறுநாள் ஊடகத்தை உருக்கித் தட்டுகளில் ஊற்றினர். ஒரு கிராம் மண்ணைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று பத்து இலட்சம் மடங்கு வரை நீர்த்து, துளித்துளியாக விதைத்தனர். இரண்டு தட்டுகளை மட்டும் எதையும் விதைக்காமல் வைத்தனர். அவை கண்ட்ரோல் தட்டுகள். அவற்றில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் குற்றம் மண்ணில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்று பொருள்.

இரண்டு நாட்கள் கழித்து இன்குபேட்டரைத் திறந்தோம். எல்லாத் தட்டுகளிலும் ஒரே வகையான சாம்பல்நிறப் படலம் பரவிக் கிடந்தது. விதைக்காத இரு தட்டுகளிலும் அதே படலம்!

யார் குற்றம் என்று பேச்சு எழுந்தது. பதிவேட்டைப் பார்த்தார்கள், பதினைந்து நிமிடம் என்றிருந்தது. ஆகவே ஆட்டோகிளேவ் மீது ஐயமில்லை. தட்டுகளில் ஊற்றிய அக்காவின் கைதான் சுத்தமில்லை என்று முடிவாயிற்று. அவர் ஒன்றும் பேசாமல் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அழுதார். நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆய்வேடு அளிக்க மூன்று வாரங்களே இருந்தன. அகர் இல்லை. பணம் கொடுத்தால் ஆய்வையே செய்து, அச்சிட்டுத் தரும் இடங்கள் நகரங்களில் உண்டு. ஆளுக்கு இவ்வளவு போட்டு அங்கே கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து எண்களைச் சற்று மாற்றிப் போடலாம் என்றார் இன்னொருவர். இந்த யோசனைகளுக்கெல்லாம் வித்து என் ஏழு நிமிடம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, கரையில் காயப்போட்ட பாசியை அம்மா உதறிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உதறினேன். மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் மணல் இருந்தா எடை கூடுமேம்மா" என்றேன்.

"கூடும். அப்புறம் அந்தாளு என் மூட்டையை மட்டும் அவிழ்த்துப் பார்ப்பான். மணலுக்குக் காசு வாங்கி எத்தனை நாளைக்குத்தா சோறு திங்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.

அவளுக்கு என் கதை எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை காலை நால்வரையும், பேராசிரியையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமையாக இருந்தது. பேராசிரியை பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். '15' என்பதை அழிக்கப் போனேன். "அழிக்காதே. ஒரே கோடு போட்டு அடி. எழுதியிருந்தது தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஒருநாளும் இருந்ததில்லை.

தாவரவியல் துறையில் கேட்டு எட்டு கிராம் அகர் வாங்கித் தந்தார் பேராசிரியை. அரை லிட்டர் ஊடகம், இருபத்தைந்து தட்டுகள். மூன்று ஊர் மண் ஒரே ஊர் மண்ணாகச் சுருங்கியது. அன்று ஆட்டோகிளேவ் பக்கத்திலேயே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இரவு ஏழு மணிப் பேருந்தில் வீடு போனேன். இம்முறை விதைக்காத தட்டுகள் விதைக்காத தட்டுகளாகவே இருந்தன. விதைத்தவற்றில், ஐந்தாம் நாள் மூன்று இடங்களில் வளையம் தெரிந்தது. சிறிய வளையங்கள்தாம். ஆனால் அவை எங்கள் வளையங்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "தலைப்பில் மூன்று ஊர் இருக்கிறது, ஏட்டில் ஓர் ஊர்தானே?" என்று கேட்டாராம். கெட்டுப்போன தட்டின் படத்தையும், அதன் காரணத்தையும் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்ததை அக்காமார் காட்டியிருக்கிறார்கள். அவர் அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு, அதிலிருந்தே மேலும் நான்கு கேள்விகள் கேட்டாராம். நால்வரும் விடை சொல்லியிருக்கிறார்கள். விலைக்கு வாங்கிய ஏடாக இருந்தால் சொல்லியிருக்க முடியுமா? இருப்பினும், துறையிலேயே உயர்ந்த மதிப்பெண் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அழுத அக்கா பலநாள் என்னோடு பேசவில்லை. பிரிவு உபசார விழாவன்று தாமே வந்து, "அடுத்த வருஷம் நீ ஊற்றும்போது, ஆட்டோகிளேவை யாரிடமும் விட்டுப் போகாதே" என்றார். நான் தலையசைத்தேன். வேறு என்ன சொல்வது?

அந்தப் பதிவேடு இப்போதும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு எனக்கு உதவ வரும் தம்பி தங்கையருக்கு முதல் நாளே அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். 15 என்ற எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 7, கீழே என் கையெழுத்து.