புரை எடுத்த கண்

தீர்த்தமலை அடிவாரத்தில் கண் சிகிச்சை முகாம் கூடும் நாட்களில் புரை முற்றிய முதியவர்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கிறார்கள். என் கவலையெல்லாம், அண்டை வீட்டாருக்குத் துணையாக வந்து, தாம் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்துவிடுகிற, முன்பே சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. அழைத்தால், "எனக்கு எப்பவோ ஆப்ரேஷன் ஆயிடுச்சுங்க, கண்ணு நல்லாத் தெரியுதுங்க சார்" என்பார்கள்.

புரையை அகற்றுவதால் பெரும்பாலான கண்களில் அழுத்தம் சற்றுத் தணியவே செய்கிறது; அந்த உண்மையே அசிரத்தைக்கும் இடம் தந்துவிடுகிறது. இம்மலையின் ராம தீர்த்தத்தைப் போலக் கண்ணுக்குள் இரவும் பகலும் ஊறுகிற தெளிந்த திரவம், கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வலைத் திசுவின் வழியே வடிந்துகொண்டிருக்கும் வரையில் அழுத்தம் 10 முதல் 21 அலகுக்குள் நிற்கும். சிகிச்சைக்குப் பின் தங்கிவிட்ட அழற்சியாலோ, முன்னறையில் பொருத்திய லென்ஸ் உராய்வதாலோ அவ்வழி வருஷக்கணக்கில் சிறுகச் சிறுக அடைபடுமானால், அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசிந்து, வலியில்லாமல், நடுப்பார்வை மங்காமல், பக்கப் பார்வை மட்டும் க்ஷீணித்துக்கொண்டே போகும்; இதுவே கண் அழுத்த நோய் (குளுக்கோமா). பட்டுப்போன பார்வை நரம்பை மீட்க எந்த வைத்தியமும் இல்லை. பிறவிப் புரை எடுத்த குழந்தைகளுக்கோ இந்த அபாயம் ஆயுள் முழுதும் தொடர்கிறது.

இவற்றினும் நான் அதிகம் அஞ்சுவது, வீக்கம் தணியச் சில வாரங்களுக்கென்று எழுதித் தருகிற ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தை, கண் சிவந்த போதெல்லாம், தூசி விழுந்து உறுத்திய போதெல்லாம், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி விட்டுக்கொள்ளும் வழக்கத்தைத்தான். சிலருடைய கண்களில் அம்மருந்தே அழுத்தத்தை ஏற்றிவிடும். சிவப்பு உடனே மறைவதால், அதை நல்ல மருந்து என்று அயலாருக்கும் கொடுப்பார்கள்.

சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு, புரை எடுத்தவர்களுள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கண் அழுத்த நோய் இருந்ததைக் காட்டிற்று. 1992-இல் மதுரையில் கண்ணுள் பொருத்தும் லென்ஸ்களைத் தயாரிக்கும் ஆரோலேப் நிறுவனம் தொடங்கி, லென்ஸ் ஏழைக்கும் எட்டும் விலைக்கு வருமுன், தடித்த கண்ணாடியோடு வீடு திரும்பிய தலைமுறையினர் இப்பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியே என்று நான் கருதுகிறேன்.

ஆகையால் முகாமில் புரை எடுத்த கண்களுக்கே முதலில் அழுத்தம் பார்க்கிறேன்; மருந்துச் சீட்டில் நிறுத்த வேண்டிய தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, சொட்டு விடுகிற மருமகளையோ பேரனையோ வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்; மாசித் திருவிழாவுக்கு எப்படியும் இங்கே வருகிறவர்கள் ஆதலால், மறு பரிசோதனைக்கும் மாசியையே குறித்துக் கொடுக்கிறேன். வருஷ எண்ணிக்கையை மறந்தவர்களுக்கும் அது நினைவில் நிற்கிறது.